வலி நின்றுவிட்டது, கல் எங்கே போயிற்று?



இம்முறை இடுப்பு வலியைப் பற்றி எழுதுகிறேன். "இடுப்பு வலி இல்லாத தோட்டத்துக்காரன் எவன் ஐயா இருக்கிறான்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைத் தூக்கிச் செம்பனைக் குலை அறுப்பவருக்கு வலி. குனிந்தே உதிரிப் பழம் பொறுக்கும் அம்மாவுக்கு வலி. பம்பை முதுகில் சுமந்து புல்லுக்கு மருந்து அடிப்பவருக்கும் வலி. இத்தனை வலிக்கு நடுவே இன்னொரு வலி வந்து புகுந்துகொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கொஞ்சம் தைலம், ஒரு மாத்திரை, ஒரு நாள் எம்.சி. அத்துடன் விட்டுவிடுகிறோம். அப்படி நம் கண்ணுக்கும் சில வேளை டாக்டர் கண்ணுக்கும் தப்பிப் போகிற வலிதான் சிறுநீரகக் கல் தரும் வலி. மலாய்மொழியில் பத்து காராங் என்பார்கள்.

1987ஆம் ஆண்டு நான் கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டத்தில் டிரெசராக வேலை பார்த்தேன். ஒரு நாள் விடியற்காலை, பிரட்டுக்கு முன்னால், ஒரு தொழிலாளியை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். மனிதருக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. தரையில் புரள்கிறார். உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது, வாந்தி வேறு. வலது விலாவுக்குக் கீழே பின்பக்கமாகப் பிடித்த வலி, அடிவயிறு வழியாகத் தொடை இடுக்கு வரைக்கும் இறங்குகிறது என்றார். வலி ஊசி போட்டேன். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். "ஐயா, மந்திரம் போட்ட மாதிரி ஓடிப் போச்சு" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தேன். அவர் போகவில்லை. மாதக் கடைசி, ஒரு நாள் கூலி போய்விடும். வலியும் இல்லை, பிறகு எதற்கு? நானும் துருவிக் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் "வலி எப்படி?" என்பேன். "இல்லீங்க ஐயா" என்பார். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

மறு ஆண்டு, வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். வலது சிறுநீரகம் தண்ணீர் கோத்த பைபோல வீங்கி, வேலை செய்யாமல் கிடந்தது. கல் வெளியே போகவே இல்லை. குழாயை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். மீதி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் இன்றும் நடமாடுகிறார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஊசி போட்டு அனுப்பியவன் நான் என்பதை நான்தான் மறக்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: வலி நின்றது வேறு, கல் போனது வேறு.

வலி ஏன் நிற்கிறது?

நம் முதுகெலும்புக்கு இரு பக்கத்திலும், கடைசி விலா எலும்பை ஒட்டி, கைமுட்டி அளவில் ஒவ்வொரு சிறுநீரகம் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள கழிவையும் மிஞ்சிய தண்ணீரையும் அது வடித்து எடுக்கிறது. வடித்தது ஒரு மெல்லிய குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. அந்தக் குழாயின் நீளம் சுமார் 25 செண்டிமீட்டர். உட்புறம் சில மில்லிமீட்டர்தான். அதிலும் மூன்று இடத்தில் இன்னும் இறுக்கமாக இருக்கும். தொடங்கும் இடம், இடுப்பெலும்பைத் தாண்டும் இடம், மூத்திரப்பைக்குள் நுழையும் இடம். கல் வந்து சிக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

கல் சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்வரை பல பேருக்கு ஒன்றுமே தெரியாது. அது குழாயில் இறங்கி அடைக்கும்போதுதான் கூத்து ஆரம்பிக்கிறது. கல் குத்துவதால் வலி என்று நாம் நினைக்கிறோம். அது முழு உண்மையல்ல. மேலே சிறுநீர் சுரந்துகொண்டே இருக்கிறது, கீழே வழி இல்லை. தேங்கித் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. குழாயும் கல்லைத் தள்ளிவிடப் பார்த்து இறுக்கி இறுக்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தமும் இறுக்கமும்தான் அலை அலையாக வரும் வலி. பிள்ளை பெற்ற தாய்மார்கள் சிலர், பிரசவ வலியைவிட இது கொடிது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வலி நிற்பதற்கு மூன்று வழி உண்டு. கல் மூத்திரப்பைக்குள் விழுந்துவிட்டால் நிற்கும். அது நல்லது. கல் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டால் நிற்கும். அது தற்காலிகம். மூன்றாவது, அடைப்பு அப்படியே இருக்க, அந்தச் சிறுநீரகம் களைத்துப்போய்ச் சுரப்பதையே குறைத்துக்கொண்டாலும் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். முழு அடைப்பு சில வாரங்கள் நீடித்தாலே சிறுநீரகத்துக்குத் திரும்பாத சேதம் உண்டாகத் தொடங்கிவிடும்.

"அப்படியானால் மூத்திரம் குறையுமே, கண்டுபிடிக்கலாமே?" என்று கேட்பீர்கள். குறையாது. பால்மரக் காட்டில் ஒருத்தர் வராத நாள் பக்கத்து நிரைக்காரர் அந்த மரத்தையும் சேர்த்து வெட்டிவிடுவதில்லையா? அதுபோல ஒரு சிறுநீரகம் படுத்துவிட்டால் மற்றது சேர்த்து வேலை செய்யும். இரத்தச் சோதனைகூட ஏறக்குறையச் சரியாகவே காட்டலாம். கணக்கில் பால் குறையவில்லை என்பதற்காக ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தமில்லை.

வேலை வலியா, கல் வலியா?

தசைப் பிடிப்பு வலி, அசையாமல் படுத்தால் குறையும். குனிந்தால் நிமிர்ந்தால் கூடும். கல் வலிக்கு எந்த நிலையும் ஒத்துவராது. நோயாளி எழுவார், நடப்பார், புரள்வார். வலி ஒரு பக்கமாக இருக்கும், முன்பக்கம் இறங்கும், வந்து வந்து போகும். குமட்டல் இருக்கும். அடிக்கடி மூத்திரம் வருவதுபோல் இருக்கும், எரிச்சலும் இருக்கும். மூத்திரம் சிவந்தோ, தேத்தண்ணி நிறத்திலோ போகலாம். (முதல் நாள் சிவப்பு டிராகன் பழம் தின்றவர் பதற வேண்டாம், அதன் சாயமும் இறங்கும்.)

கிளினிக்கில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று. டாக்டர் கேட்டதும் "சாக்கிட் பிங்காங்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். இடுப்பு வலி என்றால் டாக்டர் என்ன நினைப்பார்? தோட்ட வேலை, தசை வலி என்று நினைப்பார். வெளியே இன்னும் அறுபது பேர் காத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எந்தப் பக்கம், எப்போது ஆரம்பித்தது, எங்கே இறங்குகிறது, வாந்தி உண்டா, மூத்திரத்தில் இரத்தம் உண்டா. இரத்தம் போனால் "கென்சிங் பெர்டாரா" என்று சொல்லுங்கள். முன்பு கல் வந்திருந்தால் "பத்து காராங்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். குடும்பத்தில் இருந்தால் வரும் வாய்ப்பு கூடுதல்.

காலை வரை காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டால் அது இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாக முடியும். தோட்டத்தில் காய்ச்சல் என்றதும் டெங்கி என்றோ எலிக்காய்ச்சல் என்றோ நினைப்போம். அதுவும் சரிதான், ஆனால் இடுப்பு வலியை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது. மூத்திரமே போகாமல் நின்றுவிட்டாலும், குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலும், ஏற்கெனவே ஒரே சிறுநீரகம் உள்ளவரானாலும், கர்ப்பிணியானாலும் அப்படியே. அறுபது வயதைத் தாண்டியவருக்கு முதல் முறையாக இந்த மாதிரி வலி வந்தால், அது கல்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். வயிற்றில் உள்ள பெரிய இரத்தக் குழாய் வீங்கி வெடிக்கப் போகும்போதும் இதே மாதிரி வலிக்கும். பெண்களுக்குக் கரு குழாயில் தங்கினாலும், யாருக்கும் குடல்வால் அழற்சி வந்தாலும் குழப்பம் வரும்.

என்ன சோதனை செய்வார்கள்?

முதலில் மூத்திரச் சோதனை. ஒரு சிறு பட்டையை நனைத்தால் கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் தெரியும். இரத்தம் இல்லை என்று வந்தாலும் கல் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. பிறகு இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். இது சிறுநீரகங்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும். இது சரியாக வந்தாலும் முழு நிம்மதி கூடாது என்பதை மேலேயே சொன்னேன்.

படம் எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் வெளிச்சமாகும். எக்ஸ்ரேயில் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள் தெரியும். யூரிக் அமிலக் கல் தெரியாது. அல்ட்ராசவுண்ட் என்பது வயிற்றில் களிம்பு தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பது. கர்ப்பிணிகளுக்கும் தீங்கில்லாதது. சிறுநீரகம் வீங்கியிருந்தால் நன்றாகக் காட்டும். குழாயின் நடுவில் இருக்கும் சின்னக் கல்லைத் தவறவிடும். சி.டி. ஸ்கேன் ஏறக்குறைய எல்லாக் கல்லையும் காட்டிவிடும். அது சிறிய கிளினிக்கில் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளராகப் பார்க்கக் குடிமக்களுக்கு 1 வெள்ளி. பக்கத்து வீட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அப்படியல்ல, அவருக்குக் கட்டணம் பல மடங்கு. அதனாலேயே அவர் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பார். அவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

படம் எடுத்த பிறகு வெறுமனே "கல் இருக்கு" என்ற பதிலோடு வந்துவிடாதீர்கள். கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர், சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, மறுபடி எப்போது படம் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை, சிறுநீரகம் உங்களுடையது.

சிகிச்சை

குழாயில் இருக்கும் கல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். ஒரு வாரத்திலும் வரலாம், நான்கு ஆறு வாரமும் ஆகலாம். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் தானாக வருவது அபூர்வம். நடுவில் உள்ளதற்குக் காத்திருந்து பார்ப்பார்கள். குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் சில வேளை கொடுப்பார்கள். காத்திருப்பது என்றால் மறந்துவிட்டுத் திரிவது அல்ல. மறு சோதனைக்குத் தேதி கொடுத்துத்தான் காத்திருக்கச் சொல்வார்கள்.

அந்த நாட்களில் பழைய டீ வடிகட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அதன் வழியாக மூத்திரம் கழியுங்கள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள். மணல்போலவோ மிளகு அளவோ ஒன்று விழுந்தால் சுத்தமான டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கல் போனதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அது எந்த வகைக் கல் என்று சோதித்தால் மறுபடி வராமல் தடுக்கவும் வழி தெரியும்.

வலிக்கு ஊசியும் மாத்திரையும் தருவார்கள். டாக்டர் தந்ததோடு கடையில் இரண்டு வாங்கிப் போடுவதை விட்டுவிடுங்கள். பல வலிமாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும். ஏற்கெனவே சேதப்பட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் மருந்து வாங்கவே கூடாது. இன்னொன்று: வலி உச்சத்தில் இருக்கும்போது "தண்ணி குடி, தண்ணி குடி" என்று வற்புறுத்தி ஊற்றுவார்கள். அதனால் கல் பாய்ந்து வெளியே வராது. அடைத்த குழாய்க்கு மேலே இன்னும் அழுத்தம்தான் கூடும். தாகத்துக்குக் குடித்தால் போதும். தண்ணீரின் வேலை அப்புறம் இருக்கிறது.

தானாக வராத கல்லுக்கு இப்போது வயிற்றைக் கிழிக்க வேண்டியது மிக அபூர்வம். பழைய காலத்து நீளத் தழும்பைப் பார்த்துப் பயந்தவர்கள் இதைக் கவனியுங்கள். 1980ஆம் ஆண்டு ஜெர்மனியின் மூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு, உடம்பில் கத்தி படாமல், வெளியிலிருந்தே அதிர்ச்சி அலைகளைச் செலுத்திக் கல்லைப் பொடியாக்கினார்கள். அந்த முறை இன்று நம் நாட்டிலும் நடக்கிறது. பொடி சில நாட்களாக மூத்திரத்தில் வரும், கொஞ்சம் இரத்தமும் வரும். கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் செய்ய மாட்டார்கள்; அந்த மருந்தைச் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்னொரு முறையில், மூத்திரம் போகும் வழியாகவே மெல்லிய கருவியை உள்ளே விட்டு லேசர் ஒளியால் கல்லை உடைப்பார்கள். 2 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கல்லானால் முதுகில் சிறு துளை போட்டு எடுப்பார்கள்.

கரைக்கும் மருந்து என்று விற்பவை

இங்கேதான் நம் ஜனங்கள் அதிகப் பணம் விடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலோருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். ஒருமுறை கெட்டியாகிவிட்டால் அதைக் கரைக்கும் மருந்து இங்கிலீஷ் வைத்தியத்திலும் கிடையாது, நாட்டு வைத்தியத்திலும் யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. யூரிக் அமிலக் கல் ஒன்றுதான் மருந்தினால் நன்றாகக் கரையக்கூடியது. சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்தை டாக்டர் அளந்து கொடுப்பார். இது கௌட் உள்ளவர்களுக்கும், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், உடம்பு பருத்தவர்களுக்கும் அதிகம் வரும். எந்தக் கல் என்று தெரியாமல் ஒருத்தருக்குக் கரைந்த மருந்தை இன்னொருத்தர் வாங்கிக் குடிப்பது வீண்.

"வாழைத்தண்டுச் சாறு குடிச்சேன், கல் விழுந்திருச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. 4 மில்லிமீட்டர் கல் சும்மா இருந்தாலும் விழுந்திருக்கும். பூனைமீசை இலை, பெச்சா பெலிங் இலை, பார்லித் தண்ணீர் எல்லாம் இந்த வகைதான். நாலு கிளாஸ் குடிக்கும்போது நாலு கிளாஸ் தண்ணீர் உள்ளே போகிறது, அந்த மட்டில் நல்லது. இளநீரும் எலுமிச்சைச் சாறும் மற்றவற்றைவிட ஒருபடி மேல். கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் என்ற சத்து சிறுநீரில் கூட அவை உதவும். சர்க்கரையை அள்ளிப் போடாமல் குடியுங்கள். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்கள் இளநீரைத் தொடுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். அதில் உள்ள பொட்டாசியம் அவர்கள் இருதயத்தைப் பாதிக்கும்.

பெலிம்பிங் விஷயத்தில் விளையாட வேண்டாம். வேலியோரம் காய்க்கும் பெலிம்பிங் புலுவை அரைத்துக் கெட்டிச் சாறாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகமே திடீரென்று செயலிழந்தது உண்டு. கேரளத்தில் அப்படிப் பல பேர் பாதிக்கப்பட்டதை டாக்டர்கள் 2013ஆம் ஆண்டில் எழுதினார்கள். அந்தக் காயில் ஆக்சலேட் மிகுதி. சம்பலில் இரண்டு துண்டு போடுவது வேறு, வெறும் வயிற்றில் கிளாஸ் கிளாஸாகக் குடிப்பது வேறு. நட்சத்திரம்போல வெட்டித் தின்னும் பெரிய பெலிம்பிங் பழம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மூளையைத் தாக்கும் விஷமாகவே மாறும். வாயில் வைக்கக் கூடாது.

பீர் குடித்தால் கல் உடையும் என்ற கதையை நான் கேட்காத தோட்டமில்லை. மூத்திரம் அதிகம் போவது உண்மை. மறுநாள் உடம்பு காய்ந்துபோவதும் உண்மை, யூரிக் அமிலம் ஏறுவதும் உண்மை. குடிப்பதற்குக் காரணம் தேடுபவர்கள் வேறு காரணம் தேடிக்கொள்ளட்டும்.

சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கும் ஜாமுவில், சொல்லாமல் ஸ்டெராய்டும் வலிமருந்தும் கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். குடித்ததும் வலி போகும். போகத்தான் செய்யும், உள்ளே இருப்பது வலிமருந்து. கல் எங்கே போயிற்று? பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்காதீர்கள். எண் இருந்தாலும் அது கல்லைக் கரைக்கும் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

தண்ணீர்க் கணக்கு

ஒருமுறை கல் வந்தவருக்கு அது திரும்ப வரும் வழக்கம் உண்டு. பத்து ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒருவருக்காவது வந்துவிடுகிறது. சோற்றில் கிடக்கும் மணலாலோ, தக்காளி விதையாலோ, கிணற்றுத் தண்ணீர்ச் சுண்ணாம்பாலோ கல் வருவதாக நினைப்பது பழைய நம்பிக்கை. முக்கியக் காரணம் சிறுநீர் கெட்டியாவதுதான். உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் அடியில் உப்பு படிவதில்லையா? வெயிலில் வேலை செய்யும் உடம்பு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வியர்வையாக விடும். காலை ஆறரைக்கு ஒரு தேத்தண்ணி, பிறகு பதினொரு மணிக்கு ஒரு போத்தல் என்றால் கணக்கு எங்கே நேராகும்?

நாள் ஒன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. வியர்வையையும் சேர்த்தால் காட்டு வேலைக்காரருக்கு மூன்று லிட்டர் தண்ணீர்கூடப் போதாது. வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை குடியுங்கள், தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூத்திரம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. எண்ணெய் நிறத்துக்கு வந்தால் பாக்கி இருக்கிறது என்று பொருள். படுக்கப் போகும்போதும் ஒரு கிளாஸ். இருதயப் பலவீனம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும்.

பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் சோம்பல் அல்ல என்பது எனக்குத் தெரியும். "குடிச்சா எங்கே போய் ஒதுங்குறது?" என்று ஒரு அம்மா கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். ஆம்பளை ஆட்கள் நிறைந்த தீம்பாரில் மறைவிடம் இல்லாமல், காலை முதல் பகல் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அதனால் மூத்திரக் கிருமி வருகிறது. அடிக்கடி கிருமி வந்தால் அதிலிருந்தே ஒரு வகைக் கல், கிளை விட்ட மான்கொம்புபோல வளர்கிறது. இதற்கு மருந்து என்னிடம் இல்லை. தீம்பாருக்கு வரும் தண்ணீர்த் தொட்டியும் தூக்கிச் செல்லக்கூடிய கழிவறையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டியவை. வேலை இடத்தில் தொழிலாளியின் நலனுக்கு வேண்டிய வசதி செய்வது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் சொல்கிறது. தோட்டக் கமிட்டி அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கலாமே.

சாப்பாட்டில் முதலில் குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், பெலாச்சான், பாக்கெட் மீயில் வரும் தூள் எல்லாம் உப்பு மூட்டைகள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். கால்சியம் கல் என்கிறார்களே என்று பாலை நிறுத்திவிடாதீர்கள்; சாப்பாட்டோடு சேரும் பால், தயிர் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளும். கீரையும் கடலையும் தின்னலாம், மூன்று வேளையும் அதுவேயாக இருக்க வேண்டாம். ஈரல், குடல், நெத்திலி ஆகியவற்றை யூரிக் அமிலக் கல் வந்தவர்கள் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்.சி.யும் டியூபும்

"ஆஸ்பத்திரிக்குப் போனா கூலி போச்சே" என்பதுதான் அந்த 1987ஆம் ஆண்டு நண்பரும் சொன்னது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை; 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த 60 நாள் தனிக் கணக்கு. ஆனால் நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். வலியில் கிடக்கும்போது யாருக்கு ஞாபகம் வரும்? வீட்டில் உள்ளவர்கள் எம்.சி.யைப் படம் பிடித்துக் கிராணிக்கோ மண்டோருக்கோ அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கல்லை எடுத்த பிறகோ அடைப்பை நீக்கவோ சிலருக்குச் சிறுநீரகத்துக்கும் மூத்திரப்பைக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒன்றை உள்ளே வைத்து அனுப்புவார்கள். ஸ்டென்ட் என்று பெயர். வெளியே ஒன்றும் தெரியாது. மூத்திரம் போகும்போது கொஞ்சம் இழுப்பதுபோல் இருக்கும், நாளடைவில் அதுவும் பழகிவிடும். அது உள்ளேயே இருக்க வேண்டிய சாமான் அல்ல. சில வாரத்தில், அதிகம் போனால் சில மாதத்தில் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்த டியூபின் மேலேயே கல் படிந்து, அதை எடுக்கத் தனி ஆபரேஷன் தேவைப்படும். தோட்டம் மாறிப் போனவர்கள், வீடு மாறித் தாமானுக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரி கொடுத்த தேதியைத் தொலைத்துவிட்டு வலி இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். தேதிச் சீட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வீட்டில் இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள். சீட்டு தொலைந்தால், அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு டியூப் வைத்த ஆஸ்பத்திரிக்கே நேரே போய், "உள்ளே டியூப் இருக்கு, எப்போ எடுக்கணும்?" என்று கேளுங்கள்.